அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



ராமேஸ்வரம் பயணத்துக்கு 22 பேர் பெயர் கொடுத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். வேன் பேசியாகிவிட்டது. சாப்பாடு பற்றியும் முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பது மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அளவில் நிற்கிறது. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச அனுமதி கேட்டேன். கொடுத்ததற்கு நன்றி.

நம்மில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி என்று ஏதாவது ஒரு கடலோர ஊருக்குப் போய்த் தங்குகிறோம். திரும்பி வந்ததும் கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசும்போது பாருங்கள், சாமி தரிசனம் பற்றி இரண்டு வார்த்தை, தங்கிய ரூம் பற்றி இருபது வார்த்தை. தண்ணீர் உப்பு, லிஃப்ட் ஓடவில்லை, இரண்டு நாள் வாடகை வாங்கிவிட்டான். நல்ல ரூம் கிடைத்தவர் "அதிர்ஷ்டம்" என்கிறார். அதிர்ஷ்டத்தின் பங்கு இதில் குறைவு என்று சொல்லத்தான் நான் எழுந்திருக்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை வராது. மீதிக்கும் தேனியிலேயே வழி இருக்கிறது.

போன வருடம் நம் குடியிருப்பிலிருந்து ஒரு கடலோரக் கோயில் ஊருக்குப் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். வேன் ஏற்பாடு செய்தவர் போனிலேயே ஐந்து ரூம் சொல்லிவைத்திருந்தார். "வயசானவங்க இருக்காங்க, கீழ்த்தளம் வேணும்" என்றும் சொல்லியிருந்தார். விடியற்காலை நாலரைக்குப் போய் இறங்கினால், ஐந்து ரூமும் மூன்றாவது மாடி. லிஃப்ட் வாசலில் "ரிப்பேர்" என்று அட்டை. மதியம் 12 மணியோடு ஒரு நாள் முடிகிறது, அதனால் இரண்டு நாள் வாடகை என்றார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாததால் யாராலும் எதுவும் பேச முடியவில்லை. முழங்கால் வலிக்காரரான நம் சி பிளாக் பெரியம்மா, கடலில் குளித்த ஈரப் புடவையோடு வேனிலேயே உட்கார்ந்திருந்தார். வயது 74. ஊர் திரும்பியதும், "இனி நான் எங்கயும் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். ராமேஸ்வரத்துக்கும் அவர் பெயர் கொடுக்கவில்லை. அந்த 22 பேரில் அவர் இல்லை என்பதுதான் என்னைப் பேச வைத்தது.

ராமேஸ்வரம் யாத்திரை நம் முன்னோர் நடந்தே போன யாத்திரை. அப்போது வழி நெடுகச் சத்திரங்கள் இருந்தன. சேதுபதி மன்னர்கள் கட்டியவை, தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டியவை, நகரத்தார் கட்டியவை என்று பல. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டியது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சத்திரத்தில் வாடகை கிடையாது, ரசீதும் கிடையாது. கட்டியவருக்குப் புண்ணியம், தங்கியவருக்கு நிழல். இன்று நாம் பணம் கொடுத்துத் தங்குகிறோம். பணம் கொடுத்த இடத்தில் கணக்கு இருக்க வேண்டும். சத்திரத்துக்குப் போன மனதோடு லாட்ஜுக்குப் போய், "அவர்கள் கொடுத்ததைப் பெற்றுக்கொள்வோம்" என்று நிற்பதுதான் நம் தலைமுறையின் பழக்கம். அதை விட்டுவிடலாம்.

ராமேஸ்வரத்தில் இன்று தங்க நாலைந்து வகை இடங்கள் உண்டு. கோயில் தேவஸ்தானத்தின் விடுதிகள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு, அந்தந்தச் சமூகத்தார் நடத்தும் மடங்களும் விடுதிகளும், தனியார் லாட்ஜ்கள், பெரிய ஓட்டல்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை மூன்றுக்கும் கூட்டம் அலைமோதும். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்த ரயில்கள் மறுபடி ராமேஸ்வரம் வரை போகின்றன. அமாவாசையை ஒட்டிப் போவதென்றால் ரூமை முன்கூட்டியே உறுதி செய்துவிட வேண்டும். தேதி நம் கையில் இருந்தால் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப் போவது உத்தமம். வாடகையும் கூட்டமும் இரண்டுமே குறையும்.

இனிக் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி கடிகாரம் பற்றியது. "உங்களுக்கு 24 மணி நேரக் கணக்கா, 12 மணிக் கணக்கா?" என்று கேளுங்கள். நாம் இரவு ஒன்பதரைக்கு உத்தமபாளையத்தில் கிளம்பினால் தேனி, மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக விடியற்காலை நாலு, நாலரைக்குப் போய்ச் சேருவோம். சிலருக்கு ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனம் பார்க்க ஆசை. அப்புறம் அக்னி தீர்த்தம், உள்ளே 22 தீர்த்தம். ஈர உடையை மாற்றிக்கொண்டுதான் சன்னதிக்குப் போக வேண்டும். ஆக, நமக்கு ரூம் மிகவும் தேவைப்படுவது காலை நாலரை முதல் எட்டு மணிக்குள். 24 மணி நேரக் கணக்கு வைக்கும் லாட்ஜில் நாலரைக்கு நுழைந்தால் மறுநாள் நாலரை வரை ஒரு நாள் வாடகை. மதியம் 12 மணிக் கணக்கு என்றால், அதே பகல் 12 மணிக்கே முதல் நாள் முடிந்துவிடும். அன்று மாலை வரை இருந்தால் இரண்டு நாள் வாடகை. இரண்டு முறையும் நடைமுறையில் உள்ளவைதான், இரண்டிலும் தவறில்லை. எது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சில இடங்களில் குளித்து உடை மாற்ற மட்டும் சில மணி நேரத்துக்குக் குறைந்த வாடகையில் ரூம் கொடுப்பார்கள். அதையும் கேட்டு வையுங்கள்.

ஜப்பானில் அட்டாமி என்று ஒரு கடலோர ஊர், வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போனது. அந்த மாதிரி ஊர்களின் பாரம்பரிய விடுதிகளில் பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்குத்தான் ரூம் தருவார்கள், மறுநாள் காலை பத்து பதினொன்றுக்குக் காலி செய்துவிட வேண்டும். வாடகை ரூமுக்கு என்று இல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும், பெரும்பாலும் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் சேர்ந்தே வரும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. நம் கணக்குக்கு ஒரு நாள் முழுதாகக் கிடைக்காத மாதிரித் தோன்றும். ஆனாலும் போகிறவர்கள் சண்டை போடுவதில்லை. எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை மணிக்குப் போக வேண்டும், என்னென்ன தருவார்கள் என்பது பணம் கட்டும்போதே தெரிந்துவிடுகிறது. நமக்கும் அந்தத் தெளிவு போதும்.

இரண்டாவது கேள்வி படிக்கட்டு பற்றியது. "கீழ்த்தளத்தில் எத்தனை ரூம்? லிஃப்ட் இருக்கிறதா, இன்று ஓடுகிறதா? கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா?" லிஃப்ட் இருக்கிறது என்பதும் லிஃப்ட் ஓடுகிறது என்பதும் வேறு வேறு. அடுத்து, வெஸ்டர்ன் டாய்லெட் எத்தனை ரூமில் இருக்கிறது, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் படி உண்டா. இதெல்லாம் வெட்கப்பட வேண்டிய கேள்விகள் கிடையாது. கடலோர ஊரில் நிலத்தடி நீர் உப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. குளிக்க எந்தத் தண்ணீர், வெந்நீர் எந்த நேரத்தில் வரும், குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். வேன் வாசல் வரைக்கும் வருமா, தள்ளி எங்காவது நிறுத்த வேண்டுமா என்பதும் முக்கியம். 22 தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத்தோடு அரைக் கிலோமீட்டர் நடப்பது நமக்கெல்லாம் முடியாது.

மூன்றாவது பணம். வங்கிக் கவுண்ட்டரில் காலம் தள்ளியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு ரூமின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் கணக்கு. அதற்கு முன்னால் 12 சதவீதம். 7,500-க்கு மேல் போனால் 18 சதவீதம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். 7,500 என்பது ஒரு ரூமுக்கு, ஒரு நாளைக்கு. நாம் 8 ரூம் எடுக்கிறோம், ரூமுக்கு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14,400. "பில் 7,500-ஐத் தாண்டிவிட்டது, அதனால் 18 சதவீதம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 18 சதவீதம் என்றால் 2,592 ரூபாய். நாம் கட்ட வேண்டியது 5 சதவீதமான 720 ரூபாய்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டால் 1,728 ஆகும். ஒரு சதவீதத்தை மாற்றிப் போட்டால் நம் மதியச் சாப்பாட்டுப் பணம் போய்விடும்.

வரி வாங்கினால் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். அது 15 இலக்கம் கொண்டது, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். எண் இல்லாத வெள்ளைத் தாளில் "வரி" என்று எழுதி வாங்கினால், அது வரி என்று அரசாங்கத்துக்குப் போகப்போவதில்லை. பதிவு செய்யாத சின்ன லாட்ஜ் என்றால் வரி வாங்கக் கூடாது, வாடகைக்கு ரசீது மட்டும் கொடுத்தால் போதும். கேட்டும் பில் கொடுக்காமல் இருப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே நேர்மையற்ற வணிக முறை என்கிறது.

சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று தானாகச் சேர்ந்து வந்தால், அதைக் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் அதை உறுதி செய்தது. பரிமாறிய பையனுக்கு நீங்கள் விரும்பிக் கொடுப்பது வேறு விஷயம். கொடுங்கள், கையிலேயே கொடுங்கள். ஆனால் எல்லாச் சட்டமும் நம் பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். ஓட்டலுக்குள் உட்கார்ந்து வாங்கும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. உட்காரும் இடம், பரிமாறும் சேவை எல்லாம் சேர்ந்த விலை அது என்பது காரணம். வெளியே கடையில் அப்படி வாங்க முடியாது. ஆகவே மெனுவைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பார்க்காமல் கேட்டுவிட்டுப் பிறகு சண்டை போட வேண்டாம்.

நாலாவது, அட்வான்ஸ் யாருக்குப் போகிறது? இது இப்போது பெரிய ஆபத்தாகிவிட்டது. கூகுளில் ஒரு விடுதியின் பெயரைத் தேடினால் முதலில் வரும் எண் அந்த விடுதியுடையதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. யாத்திரைத் தலங்களின் பெயரில் போலி இணையதளம், போலி விளம்பரம் வைத்து ரூம் புக்கிங் பணம் பறிக்கிறார்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவே 2025 ஏப்ரலில் எச்சரித்தது. கோயில் விடுதி என்றால் இந்து சமய அறநிலையத் துறையின் தளத்திலும், ஓட்டல் தமிழ்நாடு என்றால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தளத்திலும் மட்டும் பாருங்கள். தனியார் லாட்ஜ் என்றால் இரண்டு வெவ்வேறு இடங்களில் எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். லாட்ஜ் பெயருக்கும் வருகிற பெயருக்கும் சம்பந்தமே இல்லையென்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "அட்வான்ஸைத் திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்" என்று சொன்னால் அது மோசடிதான். பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம். நாளைக்குப் பையன் வந்ததும் கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ரிசப்ஷனில் அடையாள அட்டை கேட்பார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஆதார் எண் முழுவதும் தெரியும்படி நகல் கொடுத்துவிட்டு வர வேண்டாம். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் மேல் எந்த லாட்ஜுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் கூட வந்தால், அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அவர் கேட்பது அதற்காகத்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டால் விடியற்காலையில் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, பாதுகாப்பு. இதை யாரும் கேட்பதே இல்லை. 2019 பிப்ரவரி 12-ல் டெல்லி கரோல்பாகில் அர்ப்பித் பேலஸ் என்ற ஓட்டலில் விடியற்காலை தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். விடியற்காலையில், தெரியாத கட்டடத்தில், புகைக்கு நடுவில் படிக்கட்டைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி வந்திருந்த எத்தனையோ யாத்ரீகர்களைக் கடல் கொண்டுபோனது. அவர்களும் நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள்தான். நம் பள்ளத்தாக்கில் மலையைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கடலின் குணம் பழக்கமில்லை. ஜப்பானிய விடுதிகளில் கதவுக்குப் பின்னால் வெளியேறும் வழியின் வரைபடம் ஒட்டியிருக்கும். பல இடங்களில் கட்டில் பக்கத்தில் ஒரு டார்ச் லைட்டும் இருக்கும். நம் ஊரில் அது இல்லாவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். ரூமுக்குள் பையை வைத்ததும் திரும்பி வந்து, படிக்கட்டு எந்தப் பக்கம், இரண்டாவது வழி உண்டா, அது பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். தலைமாட்டில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரில் வருபவர்களுக்கு ஒரு தகவல். சாவியை ஓட்டல்காரரிடம் கொடுத்து அவர் நிறுத்திய கார் காணாமல் போனால், "வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு" என்று சீட்டில் அச்சடித்திருப்பதை மட்டும் காட்டி அவர் தப்ப முடியாது. 1998-ல் டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலில் திருடுபோன கார் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் இதைச் சொன்னது. ஆனால் நாமே நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால் நிலைமை வேறு. நகை, பணம் விஷயத்தில் என் ஆலோசனை ஒன்றுதான். கடலுக்கும் தீர்த்தத்துக்கும் போகும் பயணத்தில் அவற்றை வீட்டிலோ லாக்கரிலோ வைத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு கேட்டும் வாக்கு மாறினால் என்ன செய்வது? சத்தம் போடுவதால் பிரயோஜனம் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பதிலைக் காட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அவர்கள் சொல்லும் பணத்தைக் கட்டி, பில் வாங்கி, குறையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் வழக்கு. இந்த இடத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். "ராமநாதபுரத்துக்கு யார் அலைவது?" என்பார்கள். அலைய வேண்டாம். 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். லாட்ஜ் எந்த ஊரில் இருந்தாலும் நமக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஆணையம் முதலில் கேட்பது, "என்ன ஆதாரம்?" என்றுதான். போனில் சொன்னார்கள் என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். கடல் மணலோடும் ஈரத் துணியோடும் கட்டிலில் உட்காருவது, மூன்று பேர் ரூமில் ஏழு பேர் படுப்பது, ரூமுக்குள் ஸ்டவ் பற்றவைப்பது, துண்டை மடித்துப் பையில் போட்டுக்கொள்வது, இதெல்லாம் நடக்கிறது. ரூம் பையன் நம் பேரன் வயதில் இருப்பான். அவனை மரியாதையாகக் கூப்பிடலாம். ஜப்பானில் 2023 டிசம்பரில் விடுதிச் சட்டத்தையே திருத்தி, அடாவடியாகத் திரும்பத் திரும்பத் தொல்லை கொடுக்கும் வாடிக்கையாளரை மறுக்கலாம் என்று விடுதிக்காரருக்கு உரிமை கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளியைத் தெய்வம் மாதிரி நடத்துவார்கள் என்று நாம் கேள்விப்படும் நாட்டிலேயே அந்த நிலை வந்திருக்கிறது.

இணையத்தில் விமர்சனம் எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சூப்பர்", "படு மோசம்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. காசு கொடுத்து எழுதவைக்கும் விமர்சனங்கள் பெருகியதால் இந்தியத் தர நிர்ணய அமைப்பே 2022 நவம்பரில் அதற்கென ஒரு தர விதியை வெளியிட வேண்டியிருந்தது. என்று போனீர்கள், எந்த மாடி, என்ன வாடகை, லிஃப்ட் ஓடியதா, தண்ணீர் எப்படி, பில் கொடுத்தார்களா, இந்த ஆறையும் எழுதுங்கள். நன்றாக நடத்தினால் அதையும் எழுதுங்கள்.

இனி என் கோரிக்கைகள். மூன்றுதான்.

முதலாவது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் லாட்ஜுக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போக வேண்டும். நான் எழுதி வைத்திருப்பதைப் படிக்கிறேன்: "வணக்கம். இன்ன தேதி காலை 4.30 மணிக்கு 22 பேர் வருகிறோம். 8 ரூம் வேண்டும். அதில் 2 ரூம் கீழ்த்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு கட்டாயம் வேண்டும். 24 மணி நேரக் கணக்கா, 12 மணிக் கணக்கா? வரியோடு ஒரு ரூம் வாடகை எவ்வளவு? லிஃப்ட், ஜெனரேட்டர், வெந்நீர், வேன் நிறுத்த இடம் உண்டா? வர முடியாமல் போனால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும்? பில் தருவீர்களா? பதிலை இதிலேயே எழுதி அனுப்பவும். பதில் கிடைத்ததும் அட்வான்ஸ் அனுப்புகிறோம்." எழுதிப் பதில் தர மறுக்கும் இடம் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைப்போம். நம்மில் யார் எந்த ஊரில் தங்கிவிட்டு வந்தாலும், நான் சொன்ன அந்த ஆறு விவரத்தையும் அதில் எழுத வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை இந்த இதழில் அதைத் தொகுத்துப் போடலாம். 36 வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு பயணம் என்றாலும் வருடத்தில் 36 அனுபவங்கள். கூகுளில் வரும் நட்சத்திரங்களைவிட, பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதை நான் நம்புவேன்.

மூன்றாவது, கீழ்த்தள ரூம் இரண்டு எழுத்தில் உறுதியான பிறகு, செயலாளரும் நம் மகளிர் அணியினரும் சி பிளாக் பெரியம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். அந்த வாட்ஸ்அப் பதிலை அவரிடம் காட்டுங்கள். வேனில் முன் சீட் காலியாக இருக்கிறது என்று டிரைவர் சொல்கிறார்.

 கேள்விகள் இருந்தால் தேநீர் இடைவேளையில் கேளுங்கள், வீட்டுக்கு வந்தும் கேட்கலாம்.